ஈஸ்ட் பெங்கால் ஏன் அப்படித் தொடங்கியது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். வேலைக்காக வந்த ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சீசனை எங்கள் ஈஸ்ட் பெங்கால் அணி தொடர்ந்து ஆறு தோல்விகளோடு தொடங்கியபோது சென்னையிலிருந்து மச்சான், கோவையிலிருந்து கல்லூரி நண்பர்கள், இங்கே அலுவலகத்துச் சகாக்கள் என்று எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். சீசன் முடிந்த பிறகும் அவை நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டும் ஒன்றுதானே? எந்த அணி சிவப்பு?

இதை மட்டும் கொல்கத்தாவில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். மோகன் பகான் 1889இல் தொடங்கிய கிளப். பச்சையும் மெரூனும் அதன் நிறங்கள். ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920 ஆகஸ்ட் 1 அன்று. சிவப்பும் பொன்மஞ்சளும் எங்கள் நிறங்கள், தீப்பந்தம் எங்கள் சின்னம். 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு, சொந்த ஊரின் பெயரைத் தாங்கி இந்தக் கரையில் நின்றது இந்தக் கிளப்தான். அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று அரங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது இங்கே சந்தை வரைக்கும் போன வழக்கம்.

மோகன் பகானோடு எங்கள் பகை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1997 ஜூலையில் சால்ட் லேக் அரங்கில் இரண்டு அணிகளும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, 4-1 என்று நாங்கள் வென்றோம்.

அந்தத் தொடக்கம் அவ்வளவு மோசமாகவா இருந்தது? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

மிகைப்படுத்தத் தேவையே இல்லை. செப்டம்பர் 14 பெங்களூரில் 0-1. எட்டு நாள் கழித்துக் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-2. சொந்த அரங்கில் கோவாவிடம் 2-3. ஜாம்ஷெட்பூரில் 0-2. அக்டோபர் 19 டெர்பியில் (ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டம்) மோகன் பகானிடம் 0-2. மூன்று நாள் கழித்து புவனேஸ்வரத்தில் ஒடிசாவிடம் 1-2. ஆறு ஆட்டங்களில் நாங்கள் அடித்தது 4 கோல், வாங்கியது 12, புள்ளி பூஜ்யம்.

லீக் தொடங்குவதற்கு முன்பே ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு தோல்விகள் இருந்தன. ஆசியப் போட்டிக்கான தகுதி ஆட்டத்தில் துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிர் அணியிடம் 2-3, டூரண்ட் கோப்பைக் காலிறுதியில் ஷில்லாங் லஜோங்கிடம் 1-2. அவற்றையும் சேர்த்தால் தொடர்ந்து எட்டுத் தோல்விகள்.

நல்ல ஆட்டக்காரர்களை வாங்கவில்லையா? காசு இல்லையா?

மனம் வலிப்பதே இங்கேதான். முந்தைய சீசனில் 13 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய திமித்ரியோஸ் தியாமந்தகோஸைக் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து கொண்டுவந்தார்கள். அதே சீசனில் மற்றவர்களுக்குக் கோல் வாய்ப்பு உருவாக்கித் தருவதில் முதலிடம் பிடித்த மதி தலாலைப் பஞ்சாப் அணியிலிருந்து எடுத்தார்கள். நடுக்களத்துக்கு இந்திய அணி வீரர் ஜீக்சன் சிங், தற்காப்புக்கு அன்வர் அலி. ஏற்கெனவே இருந்தவர்கள் சவுல் கிரெஸ்போ, கிளெய்ட்டன் சில்வா, நவோரம் மகேஷ், நம் நந்தகுமார். பட்டியலைப் படித்துவிட்டு நாங்கள் எல்லோரும் முதல் ஆறு இடத்தில் ஒன்று உறுதி என்றே பேசிக்கொண்டோம்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் சூப்பர் கோப்பையை வென்றிருந்தோம். 12 ஆண்டு கழித்துத் தேசிய அளவில் ஒரு கோப்பை. எதிர்பார்ப்பு எந்த உயரத்திலிருந்து கீழே விழுந்தது என்பது இப்போது புரியும்.

பிறகு ஏன் தோற்றார்கள்? சுற்றி வளைக்காமல் ஒரே காரணம் சொல்லுங்கள்.

தயாரிப்பு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சேர்க்க வேண்டிய உடல் வலுவையும் ஒருங்கிணைப்பையும் அணி சேர்த்துக்கொள்ளாமலேயே லீகுக்குள் வந்தது. அதற்கான விலையைச் செப்டம்பர், அக்டோபரில் கொடுத்தோம்.

கொச்சி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 59ஆவது நிமிடத்தில் எங்கள் விஷ்ணு கோல் அடித்து முன்னிலை தந்தார். அந்தப் பையன் பிறந்து வளர்ந்த மாநிலத்தில், அரங்கமே அடங்கிப்போன நேரம். நான்கே நிமிடத்தில் நோவா சதாவி சமன் செய்தார். 88ஆவது நிமிடத்தில் பெப்ரா வெற்றி கோலை அடித்தார். தொலைக்காட்சியில் அந்தக் கடைசி இருபது நிமிடத்தை மறுபடி பார்த்தால் ஸ்கோரைக் கவனிக்காதீர்கள். எங்கள் நடுக்கள வீரர்களின் கால்களைக் கவனியுங்கள். பந்தை இழந்ததும் திரும்பி ஓட வேண்டிய இடத்தில் நடக்கிறார்கள். இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். தற்காப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையே ஒரு கிணறு அளவு இடைவெளி விழுகிறது. எதிரணி அதில்தான் பந்தை வாங்கித் திரும்புகிறது. வாங்கிய கோல்களில் பாதிக்கும் மேல் அந்தக் கிணற்றிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு.

முதல் மூன்று தோல்விகளும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை என்பதையும் பாருங்கள். ஆட்டத் திறமையில் அந்த மூன்று அணிகளுக்கும் நாங்கள் தாழ்ந்துவிடவில்லை. தொண்ணூறு நிமிடம் அதே வேகத்தில் நிற்க முடியவில்லை.

அப்படியானால் தப்பு பயிற்சியாளர் குவாத்ராத்துடையதுதானே? அனுப்பியது சரிதான் இல்லையா?

மூன்றாவது லீக் தோல்விக்குப் பிறகு, செப்டம்பர் 30 அன்று கார்லஸ் குவாத்ராத் தாமாகவே விலகினார். அவரை வெறும் தோல்வியாளராகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். பெங்களூரு அணிக்கு 2018-19இல் ஐஎஸ்எல் பட்டம் வாங்கித் தந்தவர். எங்களிடம் வந்த முதல் மாதத்திலேயே டூரண்ட் கோப்பை இறுதி வரை கொண்டுபோனார். பிறகு சூப்பர் கோப்பை. மேலே சொன்ன 12 ஆண்டு வறட்சியைத் தீர்த்தவர் அவர்தான்.

ஆனால் தயாரிப்பு சரியில்லை என்றால் அதில் முதல் பொறுப்பு பயிற்சியாளருடையது. அதை மறைக்க முடியாது. உடல் தகுதி இல்லாத அணியை முன்னேறி நெருக்கும் ஆட்டம் ஆட வைத்தார்; தற்காப்பு திறந்து கிடந்தது. கோவா ஆட்டத்தில் மூன்று கோலையும் அடித்தவர் போர்ஹா ஹெரேரா. முந்தைய சீசனின் முதல் பாதியில் எங்கள் சட்டையைப் போட்டு ஆடியவர், ஜனவரியில் நாங்களே கோவாவுக்கு அனுப்பி வைத்தவர். அன்று இரவு அரங்கை விட்டு வெளியே வந்த கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. உல்டாடாங்கா வரை பேசாமல் நடந்தோம். அந்த அமைதியைக் கேட்ட யாருக்கும் அவர் இனி தொடர முடியாது என்பது தெரிந்திருக்கும்.

புதுப் பயிற்சியாளர் வந்த பிறகும் தோற்றார்களே, அவர் மட்டும் என்ன செய்தார்?

ஜாம்ஷெட்பூர் ஆட்டத்தை இடைக்காலப் பொறுப்பில் பினோ ஜார்ஜ் நடத்தினார். ஸ்பெயின்காரர் ஆஸ்கர் புருசோன் வந்து இறங்கிய கையோடு டெர்பி. அடுத்த மூன்றாம் நாள் ஒடிசா. பெயர்களை மனப்பாடம் செய்யவே அந்த நாட்கள் போதாது. அந்த இரண்டு தோல்விகளை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அவர் செய்த வேலை நவம்பரிலிருந்துதான் கண்ணுக்குத் தெரிந்தது. தற்காப்பு வரிசையைப் பின்னுக்கு இழுத்தார், நடுக்களத்தை அதோடு ஒட்டவைத்தார். நான் சொன்ன அந்தக் கிணறு மூடப்பட்டது.

அன்வர் அலி வழக்குதான் அணியைக் குலைத்தது என்கிறார்களே?

மோகன் பகானில் நீண்ட கால இரவல் ஒப்பந்தத்தில் இருந்த அன்வர், அதை முறித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். சீசன் தொடங்கும் தறுவாயில் கால்பந்துக் கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு தற்காப்பு வீரர் இருப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் வரிசை அமைப்பது தொல்லைதான்.

ஆனால் அவர் ஆடிய ஆட்டங்களிலும் தோற்றோம். பின்னால் மீண்டு வந்த ஆட்டங்களிலும் அவர் இருந்தார். ஆகவே இதைப் பெரிய காரணமாக நான் வைக்க மாட்டேன்.

ஆகஸ்ட்டில் டூரண்ட் டெர்பி ரத்தானதால் தயாரிப்பு கெட்டது என்று ஒருவர் வாதாடினார். உண்மையா?

ஓர் ஆட்டம் குறைந்ததால் ஓர் அணி எட்டு ஆட்டம் தோற்காது. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டெர்பி, பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று ரத்தானது. ஆட்டம் இல்லை என்றாலும் இரண்டு கிளப் ரசிகர்களும் அரங்கின் வெளியே கூடினார்கள். இதே ஊரின் இன்னொரு கிளப்பான முகமதனின் ரசிகர்களும் வந்தார்கள். நீதி வேண்டும் என்பது ஒன்றே முழக்கம். பச்சை மெரூன் சட்டைக்காரர் தோள்மேல் எங்கள் சிவப்பு மஞ்சள் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் தடியடி நடத்தியபோது ஒருவரையொருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினோம். எந்த நிறம் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மாலையை ஒரு தோல்விக்கான சாக்காகப் பயன்படுத்துவதை நான் விரும்பவில்லை.

நடுவர்கள் எங்களுக்கு எதிராக வேலை செய்தார்கள் என்பதை ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

எங்கள் ஆட்களிடமிருந்தே அதிகம் வரும் கேள்வி இது. அந்தச் சீசனில் ஐஎஸ்எல்லில் காணொளி உதவி நடுவர் முறை இல்லை. தவறுகள் நடக்கின்றன, எல்லா அணிக்கும் நடக்கின்றன. ஆறு ஆட்டங்களில் 12 கோல் வாங்கியதை எந்த விசிலும் விளக்காது. சிவப்பு அட்டைகளைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலானவை களைப்பிலும் எரிச்சலிலும் நாங்களே தேடிக்கொண்டவை. கால் வராதபோது கை முன்னே போகிறது. அதுவும் தயாரிப்புக் குறையின் வாரிசுதான்.

அண்ணா, நம்ம சென்னைக்காரர் நந்தகுமாரே சிவப்பு அட்டை வாங்கினாரே, அவர்மேல் கோபம் இல்லையா?

நவம்பர் 9, முகமதன் ஆட்டம். அரை மணி நேரத்துக்குள் நந்தகுமாரும் நவோரம் மகேஷும் அடுத்தடுத்து வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு பக்கவாட்டு முன்கள வீரர்களும் போய்விட்டார்கள். அந்த நிமிடத்தில் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். ஏற்கெனவே ஆறு தோல்வி, மீதம் ஒரு மணி நேரம், களத்தில் ஒன்பது பேர்.

ஆனால் நந்தகுமாருக்கு இந்த ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 12க்கு முன் நாங்கள் தொடர்ந்து எட்டு டெர்பிகளில் தோற்றிருந்தோம். அன்று டூரண்ட் கோப்பையில், வலப்பக்கம் பந்தை வாங்கி, அனிருத் தாப்பாவை ஏமாற்றி உள்ளே வெட்டி, இடது காலால் தூர மூலைக்கு வளைத்து அனுப்பினார். 1-0. என் பக்கத்தில் இருந்த, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் மெட்ராஸ்காரன் என்று தெரிந்ததும், “உங்கள் ஊர்ப் பையன், உங்கள் ஊர்ப் பையன்” என்று வங்காளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். சூப்பர் கோப்பை இறுதியில் எங்கள் முதல் கோலும் நந்தகுமாருடையதே. ஒரு சிவப்பு அட்டை இதையெல்லாம் அழித்துவிடாது.

ஒன்பது பேரோடு என்ன ஆனது? அதையும் தோற்றார்களா?

தோற்கவில்லை. 0-0. சீசனின் முதல் புள்ளி அதுதான். ஒரு மணி நேரம் ஒன்பது பேர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்தார்கள். பந்து இடப்பக்கம் போனால் ஒன்பது பேரும் இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பினால் எல்லோரும் வலப்பக்கம். முழுநேர விசில் ஊதியதும் தரையில் விழுந்து கிடந்தவர்களுக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெற்றி பெற்ற பல ஆட்டங்களில்கூட அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. என் கணக்கில் சீசன் திரும்பியது அன்றுதான்.

முதல் வெற்றி நவம்பர் 29 அன்று வந்தது. நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்றோம், தியாமந்தகோஸின் கோல்.

பூட்டானில் போய் வென்றுவிட்டு இங்கே வந்து தோற்பது எப்படி முடியும்?

வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிடம் தோற்ற கையோடு அணி திம்புவுக்குப் போனது. ஆசிய சேலஞ்ச் லீக்கின் குழு ஆட்டங்களில் பூட்டானின் பாரோவோடு 2-2, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0, லெபனானின் நெஜ்மேயை 3-2. குழுவில் முதலிடம். அதன் பிறகுதான் முகமதன் ஆட்டம்.

புருசோன் இங்கே வருவதற்கு முன் பல ஆண்டுகள் பசுந்தரா கிங்ஸின் பயிற்சியாளராக இருந்தவர். அந்த அணியின் ஒவ்வொரு பழக்கமும் அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ஒரே விடுதியில் ஒரு வாரத்துக்கு மேல் எல்லோரும் ஒன்றாக இருந்தது. ஜூலையில் நடந்திருக்க வேண்டியது அக்டோபர் கடைசியில் நடந்தது. காலிறுதியில் துர்க்மெனிஸ்தானின் அர்காதாகிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோம். கோப்பையைத் தூக்கியதும் அந்த அர்காதாக்தான்.

மாப்பிள்ளை, சென்னையில் நடந்த ஆட்டத்துக்கு வந்திருந்தீர்களே, யாருக்குக் கைதட்டினீர்கள்?

டிசம்பர் 7, நேரு அரங்கம். ஈஸ்ட் பெங்காலுக்குத்தான் கைதட்டினேன், சொந்த ஊரில் உட்கார்ந்து. வெளியூர் ரசிகர்கள் பகுதியில் நாங்கள் சின்னக் கூட்டம். ஒரு மேளம், இரண்டு பெரிய கொடிகள். இரண்டாம் பாதியில் விஷ்ணு அடித்தார், பிறகு ஜீக்சன். 2-0. சென்னையின் ரசிகர்கள் சிலர் ஆட்டம் முடிந்து எங்கள் மேளத்தை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் பெரியமேடு வரை நடந்தே போய் இரவு டிபன் சாப்பிட்டோம். கூட வந்த வங்காளிப் பையன்கள் முதன்முதலாக வெண்பொங்கல் சாப்பிட்டு, இது நம் கிச்சுடி போலவே இருக்கிறது என்றார்கள்.

பிப்ரவரியில் சென்னையின் அணி கொல்கத்தாவுக்கு வந்து 3-0 என்று பழி தீர்த்துக்கொண்டது. அன்று எனக்கு ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை.

24 ஆட்டத்தில் ஆறு தோற்றால் என்ன? மீதி 18 இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன். மீதி 18 ஆட்டங்களில் 8 வெற்றி, 4 டிரா, 6 தோல்வி; 28 புள்ளி. அதோடு ஒன்பதாம் இடம். கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும் கடைசி இடமான ஆறாம் இடத்தில் இருந்த மும்பை சிட்டிக்கு 36 புள்ளி.

அந்த 18 ஆட்டங்களில் நாங்கள் புள்ளி சேர்த்த வேகத்தை 24 ஆட்டத்துக்கும் நீட்டிப் பாருங்கள். சுமார் 37 வருகிறது. முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்பது புள்ளி, அதாவது மூன்று வெற்றி கிடைத்திருந்தால் நாங்கள் ஆறாம் இடத்தில் இருந்திருப்போம். ஐந்து வாரத்தில் கைவிட்டதை ஐந்து மாதம் ஓடியும் பிடிக்க முடியவில்லை. டிசம்பரில் பஞ்சாபிடம் இடைவேளையில் 0-2 என்று பின்தங்கி, கடைசியில் 4-2 என்று வென்றோம். அப்படி ஓர் இரவுகூடப் பட்டியலில் எங்களை மேலே ஏற்றப் போதவில்லை. அந்தத் தொடக்கம் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதனால்தான்.

காயங்கள் இல்லாமல் இருந்தால் கதையே வேறு, ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் 12 அன்று ஒடிசாவுடனான ஆட்டத்தில் மதி தலாலின் முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. தியாமந்தகோஸுக்குப் பந்து கொண்டுவந்து தருபவர் போய்விட்டால் அவர் என்ன செய்வார்? ஆனால் தலால் நலமாக இருந்தபோதுதான் அந்த ஆறு தோல்விகளும் நடந்தன. காயங்கள் மீட்சியைத் தடுத்தன என்று சொல்லலாம். தொடக்கத்தைக் கெடுத்தன என்று சொல்ல முடியாது.

கீழ் லீகுக்கு இறக்கிவிடும் விதியே அந்தச் சீசனில் ஐஎஸ்எல்லில் இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவு பதற்றம்?

அந்தப் பயம் இல்லாததும் ஒரு குறைதான் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 2017-18இல் கிரிஸ்டல் பேலஸ் முதல் ஏழு லீக் ஆட்டங்களையும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. நான்கே லீக் ஆட்டத்தில் பயிற்சியாளர் ஃபிராங்க் டி போயரை மாற்றி ராய் ஹாட்ஜ்சனைக் கொண்டுவந்தார்கள். எட்டாவது ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் செல்சியை 2-1 என்று வென்று, கடைசியில் பதினோராம் இடத்தில் முடித்தார்கள். தரமிறங்கினால் கிளப்பே முடங்கிவிடும் என்ற நெருக்கடி அவர்களை அப்படி ஓட வைத்தது.

எங்களுக்கு அப்போது அந்தக் கத்தி கழுத்தில் இல்லை. ஐஎஸ்எல்லுக்குள் வந்து முதல் ஐந்து சீசன்களில் 9, 11, 9, 9, 9 என்று முடித்திருக்கிறோம். எங்களைப்போல மூன்று முறை தேசிய லீகை வென்ற, 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை தூக்கிய கிளப்புக்கு அந்த ஐந்து எண்கள் எப்படி இருக்கும்? கிளப்பின் பெயருக்குத்தான் பதறுகிறோம்.

பணம் போடுபவர்கள் அடிக்கடி மாறுவதுதான் மூல வியாதி என்று என் சித்தப்பா சொல்கிறார். சரியா?

உங்கள் சித்தப்பா ஆட்டத்தைக் கூர்ந்து கவனிப்பவர். முதலில் குவெஸ் நிறுவனம், பிறகு ஸ்ரீ சிமென்ட், 2022 முதல் இமாமி. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒப்பந்தம் கையெழுத்தாவது தள்ளிப்போய், ஆட்டக்காரர்களைத் தேடுவது தாமதமானது. ஃபௌலர், மனோலோ தியாஸ், கான்ஸ்டன்டைன், குவாத்ராத், புருசோன் என்று பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஜூலையும் எங்களுக்கு முதல் ஜூலை.

ஆனால் 2024இல் இந்தச் சாக்கு செல்லாது. பயிற்சியாளர் பழையவர், முதலீட்டாளர் பழையவர், வாங்கிய வீரர்கள் நான் முன்னால் சொன்ன தரத்தில் இருந்தவர்கள். எல்லாம் கையில் இருந்தும் தயாராகாமல் வந்தோம். இந்த ஒரு சீசனுக்காக நான் கிளப்பிடம் கோபப்படுவது இதனால்தான். அதே கிளப்பின் மகளிர் அணி அதே சீசனில் இந்திய மகளிர் லீகை வென்றிருக்கிறது. திட்டமிட்டுச் செய்தால் இந்தச் சட்டைக்கு எது சாத்தியம் என்று அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள்.

என் சம்பந்தி மோகன் பகான் ரசிகர். ஐஎஸ்எல்லில் எங்களை ஒரு டெர்பிகூட நீங்கள் வென்றதில்லை என்கிறார். என்ன பதில் சொல்வது?

2024-25 சீசன் வரைக்கும் அவர் சொல்வது உண்மை. அதுவரை ஐஎஸ்எல்லில் நடந்த பத்து டெர்பிகளில் ஒன்பதில் தோல்வி, ஒன்று டிரா. 2024-25இல் லீக் பட்டியலில் முதலிடத்துக்கான ஷீல்டு, பிளே-ஆஃபில் வெல்பவருக்கான கோப்பை இரண்டையுமே அவர்கள்தான் வாங்கினார்கள்; நன்றாக ஆடி வாங்கினார்கள். பதிலுக்கு 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியில் நாங்கள் அவர்களை வென்ற 5-0ஐ எடுத்து நீட்டலாம், நானும் நீட்டியிருக்கிறேன். ஆனால் அப்போது பிறக்காத பிள்ளைகளுக்கு அது ஆறுதல் தராது. சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது நல்ல இலிஷ் மீனாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். இந்த ஊரில் தோற்ற பிறகும் அப்படிப் போய் உட்கார்ந்து சாப்பிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மோசமாக ஆடும்போது அரங்குக்குப் போகாமல் இருந்தால்தானே நிர்வாகத்துக்குப் புத்தி வரும்?

அக்டோபரில் என் நண்பர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தீர்மானித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தில் டிக்கெட், பஸ், பிள்ளைக்கு ஒரு சட்டை என்று செலவு செய்பவருக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. நிர்வாகத்தை நோக்கிப் பதாகை பிடியுங்கள், கடிதம் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பந்தைத் தவறவிட்ட இருபது வயதுப் பையனைப் பெயர் சொல்லித் திட்டுவதை நிறுத்துங்கள். விஷ்ணுவும் டேவிடும் அந்த மோசமான வாரங்களிலும் ஓடினார்கள். பின்னால் வென்ற ஆட்டங்களில் இருவரும் கோல் அடித்தார்கள். ஒன்பது பேர் ஆடிய அந்த ஆட்டத்தில் அரங்கம் காலியாக இருந்திருந்தால் அவர்கள் கடைசி வரை நின்றிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த சீசன் தொடங்கும்போது, நிலைமை மாறிவிட்டதா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

முதல் ஆட்டத்தின் முடிவைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். எல்லா வெளிநாட்டு வீரர்களும் ஜூலையிலேயே பயிற்சிக்கு வந்துவிட்டார்களா? டூரண்ட் கோப்பையில் அதே பதினொருவர் இரண்டு மூன்று ஆட்டமாவது சேர்ந்து ஆடுகிறார்களா? மூன்றாவது, லீகின் முதல் ஆட்டத்தில் 60ஆவது நிமிடம் ஆனதும் பந்தை விட்டுவிட்டு, நடுக்கள வீரர் ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் கண்ணால் பின்தொடருங்கள். பந்து பறிபோனதும் அவர் திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா என்று பாருங்கள். ஓடினால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நான் அப்போது அரங்கில்தான் இருப்பேன், மூன்றாம் கேட் பக்கம், அதே பக்கத்து வீட்டுக்காரரோடு.